நாரிக்குக் கீஹோல் என்று சொல்லிவிட்டார்களா? முதன்முதலாகப் போகிறவர்களுக்கு

ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்து இணுவிலில் வந்து இருந்த நாள் தொடக்கம், எம்.ஆர்.ஐ. படத்தைக் குழல்மாதிரிச் சுருட்டிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு படலை தட்டுகிற ஆட்கள் குறையவில்லை. சத்திரசிகிச்சைத் தியேட்டரில் தாதியாக நின்றவன், அதிலும் கடைசி வருடங்கள் முழுக்க முள்ளந்தண்டுப் பக்கம் நின்றவன் என்று ஊருக்குத் தெரியும். வருகிறவர்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணை, நாரிக்குக் கீஹோல் சத்திரசிகிச்சையாம், சின்ன ஓட்டைதானாம், செய்விக்கலாமோ?" நான் டொக்டர் இல்லை, செய் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியே பிழை என்று சொல்லலாம். ஓட்டை சின்னனா பெரிதா என்பது கடைசியில் கேட்க வேண்டியது. அதற்கு முதல் கேட்க வேண்டியவற்றை ஒருக்கால் எழுதி வைத்தால் படலைக்கு வருகிறவர்களுக்கு இதையே காட்டிவிடலாம் என்றுதான் இது.

முதலில் நோவை எழுதுங்கள்

படத்தை விரிக்க முதல் ஒரு கொப்பியில் நோ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதுங்கள். நாரியோடு, அதாவது கீழ்முதுகோடு, நிற்கிறதா, காலுக்குள் இறங்குகிறதா? இறங்கினால் எந்தப் பக்கத்தால், எந்த விரல்மட்டும்? இது ஏதோ சம்பிரதாயத்துக்கு இல்லை. நாரியில் ஐந்து முள்ளெலும்பு, அவற்றுக்கு இடையில் மெத்தைமாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்குவது பெரும்பாலும் கடைசி இரண்டு இடங்களில். நாலாம் ஐந்தாம் எலும்புக்கு இடையில் பிதுங்கினால் வழக்கமாக ஐந்தாவது நரம்பு மாட்டும், நோ தொடையின் வெளிப்பக்கத்தால் கெண்டைக்காலின் வெளிப்புறம் வந்து புறங்காலுக்கும் பெருவிரலுக்கும் போகும், அந்த ஆள் குதிக்காலில் நடக்கக் கஷ்டப்படுவார். அதற்குக் கீழே இருக்கிற டிஸ்க் பிதுங்கினால் பின்கெண்டையால் இறங்கி உள்ளங்காலுக்கும் சின்னவிரலுக்கும் போகும், அவர் நுனிக்காலில் எழும்பக் கஷ்டப்படுவார். வீட்டு விறாந்தையிலேயே குதிக்காலில் பத்து அடி, நுனிக்காலில் பத்து அடி நடந்து பார்த்து அதையும் கொப்பியில் போடுங்கள்.

நாரியில் மட்டும் நோ, காலுக்கு ஒன்றும் இல்லை என்றால் டிஸ்க்கை எடுப்பதால் அது போகும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நரம்பை விடுவிக்கிற சத்திரசிகிச்சை கால் நோவுக்குத்தான் நன்றாக வேலை செய்கிறது. வாழ்நாள் முழுக்கக் குனிந்து வெங்காயம் நட்ட, புகையிலைக்கு இறைத்த நாரிகள் எங்கள் ஊரில் எத்தனை, அந்த உழைப்பின் நோவைத் துவாரம் போட்டு எடுக்க முடியாது.

நோவுக்கு முதலில் எண்ணெய் போட்டு உருவத்தான் போவார்கள், தெரியும். எண்ணெய் பூசுவதில் பிழை இல்லை. காலுக்குள் மின்னல் அடிக்கிறமாதிரி இழுக்கிற ஆளை முதுகில் முழங்கால் வைத்து முறுக்குவதுதான் பயம்.

காத்திருக்கக் கூடாத நாலைந்து விடயங்கள்

மலசலம் கழிக்கிற இடத்தைச் சுற்றி, சைக்கிள் சீற்றில் படுகிற பகுதி முழுக்க விறைத்துப்போனாலோ, சலம் முட்டியும் வெளியே போகாவிட்டாலோ, போவது தெரியாமல் போனாலோ, பாதம் தூக்க முடியாமல் செருப்புத் தானாகக் கழன்றாலோ, இரண்டு காலும் பலம் குறைந்துகொண்டு வந்தாலோ கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். சலமும் விறைப்பும் சேர்ந்தால் அங்கே நரம்புக் கற்றை முழுவதும் நெரிபடுகிறது என்று அர்த்தம், மணித்தியாலக் கணக்கு. இதோடு காய்ச்சல், இரவில் படுத்தாலும் குறையாத நோ, காரணமில்லாமல் மெலிவு, முன்பு புற்றுநோய், பனையாலோ கூரையாலோ விழுந்தது, இவை இருந்தால் காரணம் டிஸ்க் இல்லாத வேறு கதையாக இருக்கலாம். முள்ளந்தண்டுக் காசநோய் எங்கள் நாட்டில் இல்லாத ஒன்று அல்ல.

படத்துக்குப் பயப்படாதீர்கள்

அறிக்கையில் 'டிஸ்க் பல்ஜ்', 'தேய்வு' என்று இருந்தால் வீடே அழும். நோவே இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரரில் 30 வீதமானவர்களுக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, எண்பது வயதில் 84 வீதம். தேய்வு இருபதில் 37, எண்பதில் 96. அதாவது எண்பது வயதில் தேயாத நாரி என்பதே அரிது. ஆகவே படத்தில் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை, உங்கள் கொப்பியில் எழுதின விரலும் படத்தில் நெரிபடுகிற நரம்பும் ஒன்றா என்பதுதான் கேள்வி. இடது கால் இழுக்க, படத்தில் வலப்பக்கம் பெரிதாகப் பிதுங்கி இருந்தால் அந்த வலப்பக்கத்தைத் தொடுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. இதை டொக்டரிடம் நேரே கேளுங்கள், படத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் வாயைத் திறந்து தமிழில் ஒரு கேள்வி கேட்கப் பின்னடிக்கிறோம்.

அறிக்கைத் துண்டை மட்டும் கொண்டு போகாதீர்கள். தனியாரில் எடுத்தால் சீடியும் கேட்டு வாங்குங்கள், சத்திரசிகிச்சை செய்கிறவருக்குப் படம்தான் வேண்டும்.

ஆறு கிழமை

அவசர அறிகுறி ஒன்றும் இல்லையென்றால் கால் இழுப்பு ஆறு கிழமையிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தானாக இறங்கிவிடும், பிதுங்கின துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைக்கிறது. நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு மனப்பாடம், ஏனென்றால் இதைத்தான் அடிக்கடி சொல்ல வேண்டி வருகிறது. ஆறு முதல் பன்னிரண்டு கிழமை கடும் கால் நோவோடு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு உடனே சத்திரசிகிச்சை, மற்றப் பாதிக்குக் குளிசையும் பயிற்சியும், முடியாவிட்டால் பிறகு செய்யலாம் என்ற ஒழுங்கு. காத்திருந்தவர்களில் 39 வீதமானவர்கள் கடைசியில் செய்துகொண்டார்கள். ஒரு வருடம் முடிய இரண்டு பக்கத்திலும் 95 வீதம் சுகம். உடனே செய்தவர்களுக்கு நோ வேகமாகப் போனது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வேகம் சிலருக்கு மிகவும் தேவை, கூலி வேலைக்குப் போகிறவர் மூன்று மாதம் படுத்திருக்க ஏலாது. அது உங்கள் வீட்டு நிலைமையைப் பார்த்து நீங்களும் டொக்டரும் கதைத்து எடுக்க வேண்டிய முடிவு.

காத்திருப்பது என்றால் பாயில் மல்லாந்து கிடப்பது இல்லை. நடக்க வேண்டும், பிசியோவிடம் போக வேண்டும்.

'சின்னச் சிகிச்சை' என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்

இந்தச் சொல்லுக்குள் ஐந்தாறு வேறு வேறு விடயங்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள், எது என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

ஊசி ஒன்று. எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டு நரம்பு வெளிவருகிற இடத்தில் ஸ்டீரோய்ட் மருந்து வைப்பது. கிழமைகள், சிலருக்கு மாதங்கள் ஆறுதல் தரும், பிதுங்கினதை அது எடுக்காது. நீரிழிவு இருந்தால் சில நாளைக்குச் சீனி ஏறும், முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டாவது, முள்ளெலும்புகளின் பின் மூட்டுகளுக்குப் போகிற சின்ன நரம்பைக் கிட்டத்தட்ட 80 பாகை சூட்டில் ஒன்று ஒன்றரை நிமிடம் சுடுவது. இது கால் நோவுக்கு இல்லை, மூட்டிலிருந்து வருகிற நாரி நோவுக்கு. அதிலும் முதலில் விறைப்பூசி போட்டு நோ நிற்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் சுட வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் போக நரம்பு திரும்ப முளைக்கலாம். மூன்றாவது, நொறுங்கின எலும்புக்குள் ஊசியால் சீமெந்து ஏற்றுவது, வயது போன அம்மாமாருக்கு எலும்பு மெலிந்து உடையும்போது சொல்வார்கள். இதைப் பற்றி 2009இல் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்து, பொய்யாக ஊசி குத்தின ஆட்களுக்கும் அதே அளவு நோ குறைந்தது என்று காட்டிவிட்டன. அதற்குப் பிறகு யாருக்குச் செய்வது என்பதில் டொக்டர்மார் கவனம். உங்கள் அம்மாவுக்கு ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் உண்மையான சத்திரசிகிச்சை. இதிலே நுணுக்குக்காட்டி வைத்து இரண்டு மூன்று சென்றிமீற்றர் வெட்டில் செய்வது 1970களிலிருந்து இருக்கிறது, இன்றைக்கும் மற்றதெல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். 1990களில் குழாய் வைத்துச் செய்கிற முறை வந்தது, குழாய் 16, 18 மில்லிமீற்றர் அளவு. இன்னும் சின்னன் என்றால் எண்டோஸ்கோப், கமரா பூட்டின மெல்லிய குழல், ஏழெட்டு மில்லிமீற்றர். தோலுக்கு மேலால் திருகாணி பூட்டி எலும்புகளைச் சேர்ப்பதும் இருக்கிறது, அது பெரிய வேலை, வெளியே தெரிகிற வெட்டு மட்டும்தான் சின்னன்.

ஒன்று சொல்கிறேன், விளம்பரத்தில் இதை எழுத மாட்டார்கள். குழாயையும் வழக்கமான நுணுக்குக்காட்டி முறையையும் 328 பேரில் ஒப்பிட்டு 2009இல் ஒரு ஆய்வு வந்தது. குழாய்க்காரருக்கு மற்றவர்களைவிட அதிகமாக ஒன்றும் சுகம் வரவில்லை, கால் நோவும் நாரி நோவும் சற்று அதிகமாகக்கூட இருந்தது. எண்டோஸ்கோப்பைப் பற்றி 2022இல் வந்தது நல்ல செய்தி, வழக்கமானதற்குக் குறைவில்லை என்று. ஆக எந்த முறையும் மோசமில்லை, பிடித்திருக்கிற கை யாருடையது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

அந்தக் கைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்

கிணற்றுக்குள் வாளி அறுந்து விழுந்தால் பாதாளக்கரண்டி விட்டுத் துழாவுவோமே, ஞாபகமா? கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றில் வருகிற கனத்தையும் தட்டுகிற சத்தத்தையும் வைத்துத்தான் இது கல்லு, இது வாளிக் காது என்று பிடிப்போம். எங்கள் ஐயா ஒரே தரத்தில் எடுப்பார், நான் அரை நாள் கலக்கிக் கிணற்றையே சேறாக்குவேன். சின்னத் துவாரத்தால் முள்ளந்தண்டுக்குள் வேலை செய்வது அந்தமாதிரி. திறந்து செய்கிறவருக்குச் சுற்றிவர அடையாளம் தெரியும், துவாரத்தால் செய்கிறவர் அதை மூளைக்குள் வரைந்து வைத்திருக்க வேண்டும்.

குழாய் வைக்கிறதைக் கிட்ட நின்று பார்த்தால் விளங்கும். ஆள் குப்புறக் கிடப்பார், வயிறு தொங்கவிட்டிருக்கும், அப்போதுதான் முதுகு இரத்தக்குழாய் வீங்காது. எக்ஸ்ரே இயந்திரத்தைச் சுழற்றி இடத்தைக் குறிப்பார்கள். நடுக்கோட்டிலிருந்து விரல் அகலம் தள்ளி வெட்டி, மெல்லிய கம்பி ஒன்று தசைக்குள் போகும், அதன்மேல் கொஞ்சம் மொத்தமானது, அதன்மேல் இன்னும் மொத்தமானது, ஒன்றுக்கு மேல் ஒன்று கவிழ்க்கிற செம்புகள்மாதிரி. தசையை வெட்டுவது இல்லை, விலக்குவதுதான். கடைசிக் குழாயைக் கட்டிலில் பூட்டின கைக்கு மாட்டிவிட்டு நுணுக்குக்காட்டியைக் கொண்டுவருவார்கள். எலும்பில் கொஞ்சம் கடைந்து, மஞ்சள் சவ்வைக் கடித்து எடுத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நரம்புறை. அதன் ஓரத்தில் நெரிபட்ட நரம்பு, சிவந்து தட்டையாய். அதைக் கொக்கியால் நோகாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து துண்டை இழுக்கும்போது, சொன்னால் சிரிப்பீர்கள், அச்சாக நண்டுச் சதை. அது வந்ததும் நரம்பு தளர்ந்து மெல்லத் துடிக்கத் தொடங்கும். எத்தனை தரம் பார்த்தாலும் அந்தக் கணத்தில் தியேட்டர் ஒருக்கால் அமைதியாகும்.

எண்டோஸ்கோப் இன்னும் கஷ்டம். உள்ளே இடைவிடாமல் உப்புத்தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு இரத்தம் கசிந்தால் திரை முழுக்கச் செம்பாட்டு வெள்ளம். கமரா நேரே பார்க்காது, சரிவாகப் பார்க்கும், குழாயைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். திரையில் ஆழம் தெரியாது. கை ஒரு பக்கம், கண் இன்னொரு பக்கம். தண்ணீர் வெளியேறுகிற வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும் என்பதையும் ஒரு காதால் கவனிக்க வேண்டும். கெட்டிக்கார டொக்டர்மார்கூடத் தொடக்கத்தில் தடுமாறுகிற இடம் இது. அதனால்தான் சடலத்தில் பழகி, பிறகு தெரிந்தவர் பக்கத்தில் நிற்க இலேசான கேஸில் தொடங்கி, மெல்ல மெல்லக் கஷ்டமானதுக்குப் போவார்கள்.

ஆனால் கைத்திறனைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது எண்ணுகிற பழக்கம். ஆம், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது. எந்த வைத்தியசாலை என்று சொல்ல மாட்டேன், ஒரு நாள் கீழிருந்து எண்ணி, குழாய் வைத்து, எலும்பும் கடைந்தாயிற்று. டொக்டர் உள்ளே பார்த்துவிட்டு நிறுத்தினார். டிஸ்க் மெத்தென்று சரியாக இருந்தது, நரம்பிலும் ஒரு குறையும் இல்லை. நாங்கள் எல்லோரும் முழிக்க, பழைய எக்ஸ்ரேயைத் திரும்பப் போடச் சொன்னார். அந்த ஆளுக்கு இடுப்பெலும்போடு ஒட்ட வேண்டிய கடைசித் துண்டு ஒட்டாமல் ஆறாவது எலும்புமாதிரித் தனியாக நின்றிருக்கிறது, சிலருக்கு அப்படி இருக்கும். ஒரு டிஸ்க் கீழே மாறிப்போய்விட்டது. மேலே போய் மற்றதைச் செய்து முடித்தார்கள், அடுத்த நாள் டொக்டரே வாட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் ஆளிடம் சொன்னார். பெரிய வெட்டிலும் இந்தப் பிழை வரலாம். ஆனால் சின்னத் துவாரத்தில் நீங்கள் நம்பி நிற்பது எக்ஸ்ரேயையும் எண்ணிக்கையையும் மட்டும்தான்.

மற்றது, விட்டுக்கொடுக்கிற மனம். நரம்புறை கிழிந்து முள்ளந்தண்டுத் தண்ணீர் கசிந்தால் அந்தக் குறுகின குழாயால் தைப்பது லேசில்லை. அப்போது "சரி, திறப்போம்" என்று சொல்லத் தயங்காதவரிடம்தான் நான் என் ஆட்களை அனுப்புவேன். திறந்து செய்யத் தெரியாமல் துவாரம் மட்டும் பழகினவரிடம் அனுப்ப மாட்டேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகள் யாரும் யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலோ வேறு எங்கோ இருந்து இந்தத் துறைக்கு வர நினைத்தால், பாதை நீளம். எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், பிறகு கொழும்பில் பட்டப்பின் படிப்பு நிறுவகத்தின் பரீட்சை, நரம்பியல் அல்லது என்புச் சத்திரசிகிச்சை, வெளிநாட்டுப் பயிற்சி. எக்ஸ்ரே கதிர் படாமல் ஈய அங்கியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க உங்கள் நாரியும் நன்றாக இருக்க வேண்டும், பகிடி இல்லை. கழுத்துக்கும் ஈயக் கவசம் போடுங்கள், இளம் பிள்ளைகள் அதைத்தான் கழற்றி எறிகிறார்கள்.

டொக்டரிடம் போகிற அன்றைக்கு

கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். எந்த நரம்பு, என் நோவோடு பொருந்துகிறதா? செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? இதே முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், திறக்க வேண்டி வந்தால் நீங்களே திறப்பீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் சுளிப்பார் என்று பயப்படுவீர்கள். நல்ல டொக்டர்மார் சுளித்ததை நான் காணவில்லை. அரச வைத்தியசாலை இலவசம், வரிசை இருக்கும். தனியார் என்றால் மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள், திருகாணி, குழாய், ஒருதரம் பாவிக்கிற சாமான் எல்லாம் அதற்குள்ளா என்று கேளுங்கள்.

அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வாபரின்மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசை எடுத்தால் முதல் நாளே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இருதயத்துக்குத் தந்த குளிசையை நாரிக்காக நிறுத்திவிட்டு வந்த ஆளை நான் கண்டிருக்கிறேன்.

செய்த பிறகு

அன்றைக்கே அல்லது அடுத்த நாள் எழும்பி நடக்கச் சொல்வார்கள். கால் நோ முதலில் போகும், விறைப்பு மெல்லத்தான் போகும், சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அதைப் பார்த்துச் சத்திரசிகிச்சை பிழைத்தது என்று முடிவு கட்டாதீர்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், எழும்பி இருந்தால் மண்டை பிளந்து படுத்தால் குறைகிற தலையிடி, புதிதாகப் பலம் குறைவு, இவற்றுக்கு உடனே திரும்பிப் போங்கள். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் திரும்பப் பிதுங்கலாம், அதுவும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

கொழும்பில் செய்தால் ஏ9ஆல் திரும்ப 400 கிலோமீற்றர். வாகனம் பிடித்தால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறக்கி நடக்க விடுங்கள், ரயில் என்றால் பெட்டிக்குள்ளேயே நடக்கலாம். வீட்டில் குந்தி இருக்கிற மலகூடம் என்றால் கொமோட் கதிரை ஒன்று வாங்கி வைத்துவிட்டு ஆளைக் கூட்டி வாருங்கள். ஆறு கிழமைக்குக் கிணற்றில் அள்ளுவது, திருவலையில் குனிந்து தேங்காய் திருவுவது, காஸ் சிலிண்டர் உருட்டுவது ஒன்றும் வேண்டாம். டொக்டர் வேறு கணக்குச் சொன்னால் அவர் சொன்னதுதான்.

போன ஆவணி பக்கத்து ஒழுங்கை ஆள் ஒருவர், குழாய் வைத்துச் செய்து ஐந்தாவது கிழமை, படலையில் வந்து நின்றார். நல்லூரில் பிரதட்டை செய்வதாக நேர்த்தி வைத்ததாம், மண்ணில் உருளலாமோ என்று கேட்டார். வீதியைச் சுற்றி நடவுங்கள், உருள வேண்டாம் என்றேன். நேர்த்தி பிழைத்துப்போகுமே என்று அவர் இழுக்க, பின்னால் நின்ற மனைவி, "காலுக்குத்தானே வைச்சனீங்கள், காலாலயே கட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறி இருந்துவிட்டா.